கேலனுக்கு ஒரு அவுன்ஸ்

ஏழாம் வகுப்பில் என்னைப் போலத் திமிர் பிடித்தவள் உத்தனப்பள்ளியில் வேறு எவளும் இருந்திருக்க மாட்டாள். வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதானே!

அப்பா ரோஜாத் தோட்டத்தில் மருந்து அடிக்கிற வேலையில் இருந்தார். பூச்செடிகளை மூடிய பிளாஸ்டிக் கூடாரமான பாலிஹவுஸை ஒட்டிய அறையில் எங்கள் குடித்தனம். பிப்ரவரியில் வெளிநாடு போகவேண்டிய பூவில் பூச்சி விழுந்துவிட்டது. தன் மருமகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த மருந்து பாட்டிலை ஓனர், அப்பாவிடம் கொடுத்து, "மொட்டு கெட்டுச்சுன்னா ரூமைக் காலி பண்ணிடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பாவுக்கு எந்த மருந்தானாலும் மூடிக் கணக்குதான், முதுகில் மாட்டி அடிக்கிற டேங்குக்கு ரெண்டு மூடி. அன்று பயந்துபோய் பாட்டிலை என்னிடம் நீட்டினார். கேலனுக்கு ஒரு அவுன்ஸ் என்று போட்டிருந்தது. அவுன்ஸைப் போனில் தேடினேன். ஏறக்குறைய முப்பது மில்லி. கேலனைத் தேடவில்லை. நாம் லிட்டர் என்பதைத்தான் அங்கே கேலன் என்கிறார்கள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். டேங்க் பதினாறு லிட்டர். ஆக நானூற்று எண்பது மில்லி. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் கழுத்துவரை ஊற்றி, ஒரு டேங்குக்கு இவ்வளவு என்று கொடுத்தேன்.

"இவ்ளோவா பாப்பா?"

"அமெரிக்கா கணக்கு உனக்கென்னப்பா தெரியும்?"

அப்பா அம்மாவைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்துவிட்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார்.

ஒரு கேலன் என்பது நாலு லிட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. நான் கலக்கச் சொன்னது கிட்டத்தட்ட நாலு மடங்கு. காற்றில்லாத அந்தப் பாலிஹவுஸுக்குள் இரண்டு டேங்க் அடித்துவிட்டு வெளியே வந்தவர், வாசலிலேயே வாந்தியெடுத்து விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் குனிந்து, "எவ்வளவு கலந்தீங்க?" என்று கேட்டார். பக்கத்தில் ஓனர் நின்றிருந்தார். அப்பா என்னை ஒருமுறை பார்த்தார்.

"ரெண்டு மூடிதான் சார்."

டாக்டர் நம்பாமல் மறுபடி கேட்டார். மறுபடியும் ரெண்டு மூடிதான். அதுதான் அப்பா கடைசியாகப் பேசியது. மறுநாள் மதியம் இறந்துபோனார்.

இன்றைக்கும் என்னை நினைத்தால் எனக்கே ஆத்திரமாக வருகிறது. அன்று அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்றுகொண்டு, மயக்கத்தில் அப்பாவுக்கு அளவு மறந்துவிட்டது, நல்லவேளை நான் தப்பித்தேன் என்று பெருமூச்சு விட்டேன்.