காதுக்குப் பின்னால் உண்ணி

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. ஜெர்மனியின் எசன் நகரில் எங்களுக்குக் கீழ்வீட்டில் இருந்த ஜெர்மன்காரத் தம்பதி, தங்கள் ஒன்றரை வயது மகளைச் சனிக்கிழமைப் பின்னேரங்களில் என்னிடம் விட்டுவிட்டு டென்னிஸ் விளையாடப் போவார்கள். ஒரு பின்னேரத்துக்குப் பத்து யூரோ. நான் ஒரு சைக்கிளுக்குச் சேர்த்துக்கொண்டிருந்தேன். பழையது போதும், ஆனால் இரண்டு பிரேக்கும் பிடிக்கவேண்டும், பின்விளக்கு கட்டாயம் எரியவேண்டும்.

பிள்ளை பார்க்க என்னைவிடப் பொருத்தமில்லாத ஆள் அந்தத் தெருவில் இருந்திருக்கமாட்டார். பிள்ளை நித்திரையானால் மூக்கடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். வந்தால், ஏன் இவ்வளவு வேகமாக வருகிறது என்று யோசிப்பேன். மூன்றாம் தடவை விரல் பட்டதும் பிள்ளை எழும்பிவிடும். பிறகு பரீட்சைக்கும் இப்படியே பயந்து பயந்துதான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன்.

அவர்களின் ஃபிரிட்ஜ் கதவில் தாய் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தார். இனிப்பு இல்லை, டிவி இல்லை, தினமும் வெளிக்காற்று. அதில் இல்லாத ஆபத்தை என் அம்மாதான் கண்டுபிடித்தார்.

"கொழுக்கட்டை மாதிரிக் கன்னம். பார்க்கிலை எத்தினை சனம் பாக்குது. ஒரு பொட்டுக்கூட வைக்காமல் தள்ளிக்கொண்டு திரியிறாய்."

"அவையள் வெள்ளைக்காரர் அம்மா. அவையளுக்குக் கண்ணூறு படாது."

"காய்ச்சல் வந்தால் ஆரைக் கேப்பினம்? உன்னைத்தானே."

அடுத்த சனி அம்மாவின் கண்மைப் பென்சிலைக் கொண்டுபோனேன். கன்னத்தில் வைத்தால் தெரிந்துவிடும். காதுக்குப் பின்னால் மிளகளவில் ஒரு பொட்டு வைத்தேன். பெற்றோர் வருமுன் துடைத்துவிட்டேன். நான்கு சனிக்கிழமை இப்படிப் போயிற்று. காய்ச்சலும் வரவில்லை.

ஐந்தாம் சனி மழை வந்து ஆட்டம் பாதியில் நின்றது. அவர்கள் நேரத்துக்கு முன்னமே வந்துவிட்டார்கள். தாய் பிள்ளையைத் தூக்கி, தொப்பியைக் கழற்றி, காதுக்குப் பின்னால் குனிந்து பார்த்தார்.

"உண்ணி," என்றார் மெதுவாக.

கடித்தால் மூளைக்காய்ச்சல் மாதிரிப் பெரிய வருத்தம் வரும் என்று அங்கே உண்ணிக்கு எல்லோருக்கும் பயம். தகப்பன் சப்பாத்துக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய் முள் பிடுங்கும் சாவணமும் டார்ச் லைட்டும் எடுத்து வந்தார். பேசியதெல்லாம் டொச்சில், ஜெர்மன் மொழியில்தான், ஆனால் எனக்கு இப்போது அது எங்கள் தமிழிலேயே கேட்கிறது.

"புல்லுக்கை இருந்தனீங்களோ?" என்று தகப்பன் கேட்டார்.

"ஓம்," என்றேன். அது உண்மைதான்.

"நல்ல பெரிசு. தலை உள்ளுக்கை போட்டுது போலை," என்றார் தாய். "ஆஸ்பத்திரிக்குப் போவம்."

சொன்னால் வேலை போகும், வேலையோடு சைக்கிளும் போகும். சொல்லாவிட்டால் சாவணம் பிள்ளையின் தோலைக் கவ்வும். சாவணம் கிட்டே போனது. பிள்ளை டார்ச் வெளிச்சத்தைப் பார்த்துச் சிரித்தது. நான் விரலை எச்சிலில் நனைத்து, இடையில் புகுந்து தேய்த்தேன். உண்ணி கரைந்து போயிற்று.

இருவரும் என் விரலைப் பார்த்தார்கள்.

"என்ன இது?" என்று கேட்டார் தகப்பன்.

கண்ணூறுக்கு டொச்சில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது. "புகழுறதுக்கு எதிரான மருந்து," என்றேன்.

"புகழ்ந்தால் என்ன நடக்கும்?"

"காய்ச்சல் வரும்."

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "இவளுக்குக் கிட்டடியிலை காய்ச்சல் வந்ததோ?"

"இல்லை."

"அப்ப வேலை செய்யுது," என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. பகிடியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தாய் போய்ப் பட்டியலில் நான்காவது வரியைச் சேர்த்தார். பிள்ளையில் எதுவும் கீறக்கூடாது. பிறகு, "வாற சனி ரெண்டு மணிக்கு வாரும்," என்றார்.

வேலை தப்பியது. ஆனால் பிள்ளை இப்போது பொட்டில்லாமல் பார்க்குக்குப் போகவேண்டும். அதனால், யாராவது பிள்ளையின் தள்ளுவண்டிலுக்குள் குனிந்து "என்ன வடிவான..." என்று தொடங்கினால், "வயித்தோட்டம்," என்பேன். மிச்சத்தை விழுங்கிக்கொண்டு விலகிவிடுவார்கள்.

வசந்தத்தில் சைக்கிள் வாங்கினேன். கீழ்வீட்டுத் தாய் வாசலுக்கு வந்து பார்த்தார். மணியை அடித்து, பிரேக்கைப் பிடித்து, நல்லது என்றார்.

"ஒண்டு கேக்கவேணும். மூண்டாம் மாடி மனிசி கிழமைக்குக் கிழமை பிள்ளையின்ரை வயிறு எப்பிடி எண்டு என்னட்டைக் கேக்குது. ஏனெண்டு உமக்குத் தெரியுமோ?"

நான் குனிந்து பின்விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன். எரிந்துகொண்டுதான் இருந்தது. இருந்தாலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.