நூர்ஜகான் மாற்றாத தண்ணீர்

போன மாதம் ஒருநாள் நூர்ஜகான் வீட்டுக்குப் போயிருந்தேன். பெருமாள்மலையில் எங்களுக்கு அடுத்த வீடு. அவள் கணவர் பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். மழைக்கு முன்னால் இறந்துபோனார்.

ஹாலில் அவர் வாங்கி வைத்த கண்ணாடி ஜாடி. உள்ளே ஒரு கோல்டு ஃபிஷ். ஜாடியைச் சுற்றி ஒரு பழைய ஸ்வெட்டர்!

மலைக்காரர்களுக்கு இது ஒரு வியாதி. கண்ணில் படுவதற்கெல்லாம் கம்பளி மாட்டிவிடுவோம்.

"ஏத்தா நூரு, குல்லா மட்டுந்தான் பாக்கி. அதையும் மாட்டி விட்ரு."

அவள் சிரிக்கவில்லை. "மேல வந்து வந்து வாயத் தொறக்குதுக்கா. குளிருதோ என்னவோ."

குளிரா? கோல்டு ஃபிஷ் நம் ஊர்க் குளிரைத் தாங்கும். ஒரே கவரில் இரண்டு வாங்கி வந்து, ஒன்றை எனக்குக் கொடுத்தவர் அவர்தான். என்னுடையது சிமெண்ட் தொட்டியில், கம்பளி இல்லாமலே, உள்ளங்கை நீளத்துக்கு வளர்ந்து கிடக்கிறது. இவளுடையது இன்னும் கட்டைவிரல் அளவு. ஏன்?

ஜாடிக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனேன். புரிந்துவிட்டது.

"தண்ணி மாத்தி எத்தன நாளாச்சு?"

ஜாடியின் ஸ்வெட்டரை இழுத்துச் சரிசெய்தாள். "வத்த வத்த மேல ஊத்துறேன்க்கா. கீழ கெடக்கது அவுக ஊத்துன தண்ணி. ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கு, வெள்ளனே எந்திரிச்சு ஊத்துனாக. அதக் கொட்டுனா அவுகள முழுசா அனுப்பிட்ட மாதிரி ஆயிரும்."

எனக்கு எதற்கும் ஒரு கேலி வாயில் இருக்கும். அன்றைக்கு அதை விட்டுவிட்டு போனைத் தேடினேன்.

கொட்டாவிட்டால் மீன் போய்விடும். அதுவும் அவர் விட்டுப்போனதுதானே!

வத்தலக்குண்டில் வண்ண மீன் கடை வைத்திருக்கும், தெரிந்த தம்பி ஒருவருக்கு போன் போட்டேன். அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில்.

"கழிவெல்லாம் தண்ணியிலயேதான் கெடக்கும்மா. மேல ஊத்துனா எங்க போகும்? சின்ன ஜாடின்னா இன்னும் வெரசா கெடும். பொறகு எப்படி மீன் வளரும்? ஆனா மொத்தமாக் கொட்டிராதீங்க, திடுதிப்புனு மாத்துனா செத்துப்போகும். தெனம் கொஞ்சம் எடுத்துட்டுப் புதுசு ஊத்துங்க. பழைய தண்ணியும் உள்ள இருக்கணும்."

"பழசு இருக்கணுமாக்கா?" என்றாள் நூர்ஜகான். போனைக் கீழே வைப்பதற்குள் அவளே டம்ளரோடு வந்துவிட்டாள்.

இப்போது மீன் பெரிய தொட்டிக்கு மாறிவிட்டது. ஜாடித் தண்ணீரையும் சிந்தாமல் அதிலேயே ஊற்றினாள். மீன் வாயைப் பிளப்பதில்லை. கொஞ்சம் நீண்டிருக்கிறது என்றுகூடத் தோன்றுகிறது.

நேற்று காம்பவுண்டு சுவர்ப்பக்கம் வந்து நின்றாள்.

"தெனம் எடுக்குறேனே... அவுக தண்ணி தீந்துராதாக்கா?"

"எப்படித்தா தீரும்? எடுக்கும்போதெல்லாம் கொஞ்சம் உள்ளதான மிச்சம் வைக்கிற? அதுலயும் மிச்சம், அதுக்குள்ளயும் மிச்சம்... இருந்துக்கிட்டேதான் இருக்கும்."

யோசித்துப் பார்த்தாள். தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

நான் இரண்டாம் கிளாஸோடு நின்றவள். கணக்கில் பிழை இருந்தால் எனக்கு எழுதுங்கள் — அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.