சினை எலியை அறுத்த டாக்டரம்மா

டாக்டர் விசாலாட்சி காலமான செய்தி எனக்குச் சாலைக் கடைத்தெருவில் கிடைத்தது. சொன்னவர், "அந்தப் பிடிவாதக்காரிதானே? நல்ல மருந்தை வரவிடாமத் தடுத்த ஆளாக்கும்!" என்றார். பையைக் கீழே வைத்துவிட்டு நடுத்தெருவில் அவரோடு சண்டை போட்டேன். அம்மையாரை அறிந்த உங்களுக்கும், அங்கே சொன்னதையே எழுதுகிறேன்.

யுத்த காலத்தில் அவருடைய ஆராய்ச்சிசாலையில் எலிகளின் பதிவேடு எழுதுவது என் வேலை. கருச்சிதைவைத் தடுக்கும் என்று ஒரு ஹார்மோன் ஊசிமருந்து வந்திருந்தது. பிரசவ ஆஸ்பத்திரி அதற்குக் காத்திருந்தது. முதலில் சினை எலிகளுக்குப் போட்டுப் பார்த்தோம். சினையைக் கொல்வது பாவம் என்று எங்களில் எவரும் கத்தியைத் தொடமாட்டோம், ஈனும்வரை காத்திருப்போம். காலையில் கூண்டிலிருந்த குட்டிகளெல்லாம் கொழுகொழுவென்றே இருந்தன. 'குறையில்லை' என்று நானே எழுதினேன்.

அம்மையாருக்கு மட்டும் சந்தேகம். "செத்ததையும் நோஞ்சானையும் தாய் எலி தின்னுடும், பிள்ளைவாள். நாம மிச்சத்தைப் பாத்துட்டு சந்தோஷப்படறோம்" என்றார். ஈனுவதற்கு முந்தைய நாள் தாமே ஒன்றை அறுத்தார். பாதிக் கருக்கள் செத்துச் சுருங்கிக் கிடந்தன. உயிரோடிருந்தவற்றில் ஆண் எது, பெண் எது என்றே தெரியவில்லை. மருந்து போடாத எலியையும் அறுத்தார். அதில் ஒரு குறையும் இல்லை.

மருந்தை ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க மேலதிகாரி அனுமதிக் கையெழுத்துக் கேட்டார். "எலிக்கு வந்தா மனுஷிக்கும் வருமோ?" என்றார்.

"வராதுன்னு நீங்க எழுதிக் கொடுங்கோ, நான் கையெழுத்துப் போடறேன்" என்றார் அம்மையார். அதிகாரி எழுதவில்லை. மருந்தைத் திருப்பி அனுப்ப முடிவாயிற்று.

இனி என் கதை. என் மனைவிக்கு இரண்டு முறை கரு கலைந்திருந்தது. அப்போது மூன்றாவது முறையாக உண்டாகியிருந்தாள். பெட்டிகள் போகுமுன் ஒரு குப்பி கேட்டு, காலில் விழாத குறையாக நின்றேன். "எலிக்காக எம் பிள்ளைய விட்டுறச் சொல்லுதியளா, டாக்டரம்மா?"

அவர் கண் கலங்கியது. "தரமாட்டேன். தெரிஞ்சுண்டே எப்படித் தருவேன்?" என்றார். அதன்பின் அவரோடு பேசுவதை நிறுத்தினேன்.

அந்தக் கருவும் தங்கவில்லை. அம்மையார் வீடு தேடி வந்து என் மனைவியின் கட்டிலருகே உட்கார்ந்தார். அவள் நேராகவே கேட்டாள்: "தந்திருந்தா எம் பிள்ளை பிழைச்சிருக்குமா?"

"தெரியாதும்மா" என்றார்.

'பிழைத்திருக்காது' என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் மூவருக்கும் நிம்மதி. சொல்லவில்லை. என் மனைவி அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தத் 'தெரியாது' ஒன்றைத்தான். அவரைத் திட்ட உரிமையுள்ளவர்கள், பிள்ளையில்லாத வீட்டில் இருக்கும் நாங்கள் இரண்டு பேர். நாங்கள் திட்டவில்லை. மற்றவர்கள் வாயைத் திறக்க வேண்டாம்.