ரிஷபத்தின் இடது காது

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், ஒரு மாசி மாதம் நடந்தது இது. ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நான் தச்சுவேலை செய்துகொண்டிருந்தேன். சிவன் கோயில் திருவிழாவுக்கு முன்னால் மர வாகனங்களைப் பழுது பார்ப்பதும் என் பொறுப்புதான். எலி, மயில், காளை என்று ஒவ்வொன்றாக இறக்கித் தூசி தட்டும்போது எனக்கு ஒரே யோசனையாக இருக்கும். பிள்ளையாரின் அவ்வளவு பெரிய தொந்திக்கு எலியை யார் பொருத்தம் பார்த்தது? சிவனுக்கு ஏன் காளை? யாரிடம் கேட்டாலும், "வேலையைப் பாருய்யா" என்பார்கள்.

அந்த வருஷம் ரிஷப வாகனத்தின் இடது காது கழன்று கையோடு வந்துவிட்டது. வச்சிரப் பசை காய்ச்சி ஒட்டினேன். வச்சிரம் பிடித்தால் உடும்புப் பிடிதான். தோல் பதனிடும் கிடங்கில் வேலை செய்யும் என் தோஸ்த் ஒருவன், கழித்துப் போடும் தோல் துண்டுகளை வேகவைத்து அதைச் செய்து தருவான். கட்டிலுக்கும் கதவுக்கும் போடுகிற பழக்கத்தில் கை தானாகப் போய்விட்டது. நான் யோசிக்கவே இல்லை.

ரிஷபம் புறப்படும் நாள் பிற்பகலில் அவனை வழியில் பார்த்தேன். காதை ஒட்டிய கதையைப் பெருமையாகச் சொன்னேன். அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இன்னா ஆசாரி, இப்படிப் பண்ணிட்டே? அது மாட்டுத் தோல்ல காய்ச்சினதாச்சே! வெளிய தெரிஞ்சா உன்னத் திட்டுவாங்க. என்னக் கட்டிவெச்சு அடிப்பாங்க."

எனக்குப் பகீரென்றது. அவன் சேரிக்காரன். கோயில் தெருவுக்குள் அவர்களை விடாத காலம் அது. சொல்லாவிட்டால் தெய்வக் குத்தம், சொன்னால் அவன் முதுகுத் தோல் உரிந்துவிடும்.

வாகன மண்டபத்துக்கு ஓடினேன். குருக்கள் மட்டும்தான் இருந்தார். அவன் பேச்சை எடுக்காமல் வச்சிரத்தைப் பற்றி மட்டும் சொன்னேன். சீறி விழுவார் என்று பார்த்தால், அவர் காளையைச் சுற்றி வந்து அதன் வாலைத் தொட்டுப் பார்த்தார்.

"இதை எதால ஒட்டியிருக்கு, ஆசாரி?"

"தெரியல சாமி. எங்க தாத்தாவுக்கும் முந்தின வேலை."

"பாரேன்."

உளியால் வாலின் இணைப்பைச் சுரண்டினேன். தேன் நிறத்தில் பொடி உதிர்ந்தது. அவரே மடைப்பள்ளியிலிருந்து வெந்நீர் கொண்டுவந்தார். பொடி கரைந்ததும் வாடை கிளம்பியது. என் பட்டறையில் தினமும் அடிக்கிற அதே வாடை. சின்னப் பிள்ளைகள் மாதிரி மாறி மாறி மோந்து பார்த்தோம். அப்புறம் கொம்பைப் பார்த்தோம், திமிலைப் பார்த்தோம். எல்லாமே வச்சிரம்தான்.

"எங்கப்பா, அவரோட அப்பா, எல்லாரும் இதுலதான் சுவாமியை ஏத்தியிருக்கா" என்றார். பிறகு காதின்மேல் தீர்த்தம் தெளித்து, "தூக்கற ஆளுங்களைக் கூப்பிடு, நாழியாயிடுத்து" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஊர்வலம் கிளம்பியது. பக்கத்தில் நடந்துகொண்டே, சிவனுக்கு ஏன் காளை என்ற என் பழைய சந்தேகத்தை அவரிடம் கேட்டுவிட்டேன்.

"காளைன்னா தர்மம். தர்மத்து மேலதான் சுவாமி உட்காருவார்" என்றார்.

தெருமுனை வந்தது. அதற்கு அந்தப்புறம், கொஞ்சம் தள்ளி, என் தோஸ்த் கைகூப்பி நின்றிருந்தான். எல்லோரும் சாமியைப் பார்க்க, அவன் மட்டும் காளையின் காதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் ஆகவில்லை என்று நான் தலையசைத்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வாகனம் அவன் பக்கம் போகாமல், வழக்கம்போல அங்கேயே திரும்பியது. நானும் அதனோடு திரும்பி நடந்துவிட்டேன்.

தர்மத்தை உதிராமல் ஒட்டி நிறுத்துகிறவனைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு ஊர்வலம் போனோம். அன்று அதைக் கண்ணால் பார்த்தும் நான் வாய் திறக்கவில்லை என்பது இத்தனை வருஷம் கழித்தும் என்னை உறுத்துகிறது.