செல்வியின் லேப்டாப்பில் சுரேஷுக்கு ஓர் இடம்

ஈஜிபுராவில் எதிர்வீட்டுச் செல்விக்கு நாளை டைப்பிங் தேர்வு, தேறினால் வேலை. பயிற்சி மென்பொருள் விண்டோஸுக்கானது. ஒரு கம்பெனி அவளை மேடையேற்றிப் படமெடுத்துத் தானம் தந்த அவள் பழைய லேப்டாப்பில் இருப்பதோ லினக்ஸ்.

லினக்ஸில் விண்டோஸ் மென்பொருளை ஓட்டும் 'வைன்' என்ற செயலியைப் போட்டேன். "C:\Users\Suresh\Lessons கிடைக்கவில்லை" என்று பயிற்சி மென்பொருள் நின்றது.

"யாருண்ணா சுரேஷ்?"

"இதை எழுதின ஆளு. தன் கம்ப்யூட்டர் விலாசத்தையே உள்ள எழுதி வச்சிட்டான்."

மென்பொருள் விற்றவர்களின் உதவி எண்ணை அழைத்தேன். "விண்டோஸ் லேப்டாப் ஒண்ணு வாங்கிக்கோங்க சார்."

செல்வி போனைப் பிடுங்கினாள். "வாங்க முடிஞ்சா போட்டோவுக்குப் பல்லக் காட்டிட்டு நின்னிருப்பேனா?"

வைனுக்குள் சுரேஷ் பெயரில் ஃபோல்டர் உருவாக்கிப் பாடங்களைப் போட்டேன். ஓடியது. இப்போது தட்டிக்கொண்டிருக்கிறாள்.

தன்னிடம் இருப்பது ஊரில் எல்லோரிடமும் இருக்கும் என்று நம்பும் சுரேஷ்கள் உங்கள் ஆபீஸில் எத்தனை பேர்? பெயரைச் சொல்லுங்கள், ஃபோல்டர் போட்டு வைக்கிறேன்.