பூனை தூக்கிக்கொண்டு போன நாக்கு

பூனையின் நாக்கு அரம் மாதிரி இருக்கும். கருவாட்டுக்கு உப்புத் தடவிய கையை நீட்டினால் விரல் விரலாக நக்கும். கூசும், கொஞ்சம் எரியும், ஆனாலும் கையை இழுக்க மனம் வராது. ஒன்பது வயதில், இலங்கையின் கற்பிட்டிக் கரையில் தென்னோலைக் கிடுகு விரித்துக் கருவாடு காயப்போடும் எங்கள் "வாடி"யில் காவல் இருந்தது நான்தான். பூனையையும் காகத்தையும் "ச்சூ" என்று சத்தம் போட்டுத் துரத்துவதுதான் வேலை. அந்த வருஷம் நான் சத்தம் போடவில்லை. கல் எறிந்தேன், எறிகிற கல் ஒன்றும் தங்கள்மேல் படாது என்று பூனைகளுக்கும் தெரிந்துவிட்டது.

வாப்பா மவுத்தான வருஷம் அது. பாதி ஆயுளைக் கடலில் கழித்தவருக்குக் கட்டிலில்தான் உயிர் போனது. காலையில் தேத்தண்ணி கொண்டுபோய் "வாப்பா, வாப்பா" என்று கூப்பிட்டது நான்தான். பல தடவை கூப்பிட்டேன். அதற்குப் பிறகு யாரையும் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. உம்மா ஓதிய தண்ணீர் வாங்கித் தந்தார். பள்ளிக்கூடத்தில் பின் வரிசை வாங்கில் இருக்கவைத்தார்கள். தில்லையடியில் இருந்த சாச்சி, உம்மாவின் தங்கை, வந்து கெடு வைத்தார். "ஜனவரியில பள்ளிக்கூடம் தொறக்க முன்னுக்கு இவ கதைக்காட்டி நான் என்னோட கூட்டிட்டுப் போறன். நாலு புள்ளைகளோட இருந்தா வாய் தொறப்பா." உம்மா ஓம் என்றார். எனக்கு நானாவை, என் அண்ணனை, விட்டுப் போக விருப்பமில்லை. அதைச் சொல்லவும் வாய் வேண்டுமே.

நானாவுக்கு அப்போது பதினேழு. நாட்டில் சண்டை முடிந்து வெள்ளைக்காரர்கள் டொல்பின் பார்க்க வரத் தொடங்கியிருந்த காலம். அவர்களைக் கடலுக்குக் கூட்டிப்போகும் ஒரு போட்டில் அவர் வேலைக்கு நின்றார். டொல்பின் வராத நாளில் ஆட்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள் என்பதால், அவர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிக்கும் மிருகப் பெயர் வரும் பேச்சுகளைப் பாடமாக்கி அடுத்த நாள் கூட்டத்துக்கு எடுத்து விடுவார். பின்னேரம் வாடிக்கு வந்து எனக்கும் தமிழில் சொல்லுவார். அவர்கள் ஊரில் பெருமழையை நாயும் பூனையுமாகப் பெய்கிறது என்பார்களாம். ஏன் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரே காரணம் கண்டுபிடித்தார். தகரக் கூரையில் மழை விழும்போது நாயும் பூனையும் புரண்டு சண்டை பிடிக்கிற சத்தம்தானே கேட்கிறது. பயம் வந்தால் வயிற்றுக்குள் வண்ணத்துப்பூச்சி பறக்குமாம். "அவனுகள் தோட்டக்காரனுகள். நாங்கெண்டா கீரிமீன் துள்ளுதெண்டு செல்லியிருப்பம்" என்றார். வாய் திறக்காதவரிடம், பூனை உன் நாக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டதா என்று கேட்பார்களாம். அதற்கும் அவரிடம் காரணம் இருந்தது.

"அங்கயும் ஒருத்தி கருவாட்டுக்குக் காவல் இருந்திருக்கா. சத்தம் போடல்ல. பூன மொதல்ல மீனத் தூக்கிச்சு. மறுநாள் வந்து பாத்திச்சு, பாவிக்காத சாமான் ஒண்டு இவட வாய்க்குள்ள சும்மா கெடக்குதே எண்டு அதையும் தூக்கிட்டுப் போயிட்டு."

நான் நாக்கை மேல்வாயில் அழுத்திப் பார்த்தேன். இருந்தது.

பள்ளிக்கூடம் தொடங்க நாலு நாள் இருக்க சாச்சி வந்தார். என் உடுப்பெல்லாம் பையில் மடித்து வைத்தாயிற்று. அன்று நானா கடலிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். டொல்பின் தாமதமாம். பருத்த வெள்ளைக்காரர் ஒருவர் "எங்கே, எங்கே" என்று எழும்பி எழும்பிப் போட்டையே ஆட்டினாராம். பொறு என்பதற்கு அவர்கள், உன் குதிரைகளைப் பிடித்துக்கொள் என்று சொல்வது நானாவுக்குத் தெரியும். எங்கள் ஊரில் குதிரை ஏது, தெருவெல்லாம் நிற்பது கழுதைதானே. அவசரத்தில் அதுதான் வாயில் வந்திருக்கிறது. உன் கழுதைகளைப் பிடித்துக்கொள் என்று கத்தியிருக்கிறார்.

"வெள்ளக்காரனக் கழுதையெண்டா செல்லினாய்? வேல போயிடும் மகன்!" சாச்சி தலையில் கை வைத்தார்.

"கழுதையெண்டு செல்லல்ல சாச்சி. கழுதையப் புடிக்கத்தான் செல்லினன்."

"புடிச்சா ஒதைக்கும் நானா" என்றேன் நான்.

உம்மா என்னைப் பார்த்தார். சாச்சி பையைப் பார்த்தார். நானா மட்டும் ஒன்றுமே நடக்காதது போல, வாளியில் கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"எந்தக் காலால?"

"பின்னங்காலால."

"ரெண்டாலயுமா?"

"ஓம்."

சாச்சி பின்னேர பஸ்ஸில் தனியாகத்தான் போனார்.

போன வருஷம் நானா காய்ச்சலில் போய்விட்டார். மூன்றே நாள். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று, வாப்பாவைக் கூப்பிட்ட மாதிரியே கூப்பிட்டேன். மய்யித்து வீட்டுக்கு வந்தவர்களோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு, வெள்ளைக்காரர் தங்கும் அறைகளில் கட்டில் விரிப்பு மாற்றும் வேலை. அங்கேயும் தலையாட்டலோடு சமாளித்து வந்தேன். போன மாதம் அங்கே தங்கிய வயதான வெள்ளைக்கார அம்மா ஒருவர் சிரித்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டார். பூனை உன் நாக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டதா?

விரிப்பைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பேச்சு எப்படி வந்தது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கேட்டேன். அவர் யோசித்து, ஆளுக்கொன்று சொல்வார்கள், உண்மையில் யாருக்கும் தெரியாது என்றார். எனக்குத் தெரியும் என்றேன். கருவாட்டுக்குக் காவல் இருந்தவளின் கதையை முழுக்கச் சொன்னேன். அழுது அழுது சொன்னதால் முடிக்க நேரமாயிற்று.

வாடி இருந்த இடத்தில்தான் அந்த அறைகள் நிற்கின்றன. கிடுகும் இல்லை, உப்புத் தொட்டியும் இல்லை. பூனைகள் மட்டும் கதவடியில் வந்து படுக்கின்றன. கையை நீட்டினால் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. இப்போது என் கையில் சவர்க்கார மணம்தான்.