முன்னுரை கடைசியில் வந்தது

குழந்தைகள் வார்டில் அவர் மூத்த நர்ஸ். தூங்கும் நோயாளிக் குழந்தைகளை எந்தச் சத்தம் எழுப்பிவிடுகிறது என்பதுதான் அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. வார்டில் சத்தத்தை அளக்கும் வேலையெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. எழுதுவதுதான் நகரவில்லை. ஐந்து அத்தியாயம் என்று திட்டம். முன்னுரையே அனுமார் வால் மாதிரி நீண்டுகொண்டிருந்தது.

ஆய்வு நெறியாளர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"விருந்துக்குக் கூப்பிட்டவங்களை வாசல்லயே நிக்க வெச்சுப் பேசிட்டிருக்கீங்கம்மா. சாப்பாடு எப்பப் போடுவீங்க? இதை மூடி வைங்க. எப்படி அளந்தீங்கன்னு முதல்ல எழுதுங்க. முன்னுரை கடைசியில தானா வரும்."

தலைகீழாக ஆரம்பிப்பதா என்று நர்ஸ் தயங்கினார். ஆனால் மூன்றாம் அத்தியாயம் அவர் செய்த வேலையைச் சொல்வதுதானே, மளமளவென்று வந்தது. முடிவுகளைச் சொல்லும் நான்காவதில் மறுபடி மாட்டிக்கொண்டார். அட்டவணைகள் இருந்தன, வாக்கியம் வரவில்லை.

மாடியில் கணவரின் தங்கை குடியிருந்தார். தையல் கடை வைத்திருப்பவர். அவர் ரகசியம் பேசினால் தெருக்கோடிக்குக் கேட்கும். வீட்டில் அவருக்கு ஒலிபெருக்கி என்றே பேர். ஒரு சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே கேட்டார்.

"அப்படி என்னதான் அண்ணி கண்டுபிடிச்சீங்க?"

"ஒரு குழந்தை அழுதா பக்கத்துக் குழந்தை முழிச்சுக்கும்னு நினைச்சோம். அது ரொம்பக் கம்மி. எழுப்பறது நாங்கதான். மருந்து வண்டிச் சக்கரம், குப்பைத்தொட்டி மூடி, எங்க பேச்சு."

"அப்ப நான் வந்தா வார்டே எந்திரிச்சிடும்."

நர்ஸுக்குச் சிரிப்பில் புரையேறியது.

"இப்ப சொன்னதையே எழுதுங்களேன். என்னை மட்டும் விட்டுடுங்க."

அன்று தொடங்கிய பழக்கம்: இவர் சொல்வார், நாத்தனார் "ஏன்?" என்பார், பதில் சொல்லிவிட்டு இவர் எழுத உட்கார்வார். இதனால் ஆய்வின் முடிவு தேர்வாளருக்கு முன்பே தெருவுக்குத் தெரிந்துவிட்டது.

"சக்கரத்துக்கு ரப்பர் போட்டாச்சா?" என்று காய்கறிக் கடைக்காரர் கேட்டபோது, கண்டுபிடித்ததோடு நின்றுவிட்டோமே என்று நர்ஸுக்கு உறுத்தியது. மறுநாளே ஆஸ்பத்திரி நிர்வாகியிடம் போய் நின்றார். அவர் மறுக்கவில்லை. ரப்பர் சக்கரம் வந்ததும் மீண்டும் அளந்தார். சத்தம் நன்றாகக் குறைந்திருந்தது. ஐந்தாம் அத்தியாயத்துக்கு அதுவே போதும். பிறகு பழைய ஆய்வுகளைப் பற்றிய இரண்டாம் அத்தியாயத்தைத் தேவையான அளவோடு எழுதி நிறுத்தினார். முன்னுரையை ஒரே ஞாயிற்றுக்கிழமையில், சின்னதாக, புதிதாக எழுதி முடித்தார்.

வாய்மொழித் தேர்வன்று கணவரும் நாத்தனாரும் கடைசி வரிசையில் இருந்தார்கள்.

"உங்க ஆய்வுல குறைன்னு எதைச் சொல்வீங்க?" என்றார் தேர்வாளர்.

"ஒரே வார்டுலதான் அளந்தேன் சார். வேற இடத்துல முடிவு மாறலாம்."

"சரியாச் சொல்லிட்டாங்க" என்று நாத்தனார் அண்ணன் காதில் கிசுகிசுத்தது அரங்கம் முழுக்கக் கேட்டது. தேர்வாளரே சிரித்துவிட்டார். பட்டம் உறுதியானது.

வீட்டுக்கு வந்தபின் நாத்தனார் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தார்.

"என்ன யோசனை?"

"பத்தாவதோட நின்னுட்டேன் அண்ணி. இனிமே படிச்சா நல்லாருக்குமா?"

"என்ன படிக்கணும்?"

"அதுதான் தெரியல."

"பரவால்ல, முதல்ல பன்னண்டாவது எழுதலாம். போகப்போகத் தெரியும்."

மறுநாள் நாத்தனார் தையல் கடையைத் திறக்கவில்லை. தனித்தேர்வராக எழுத என்ன செய்ய வேண்டும் என்று விசாரிக்க இருவரும் காலையிலேயே பஸ் ஏறினார்கள். ஜன்னலோர இருக்கையை நர்ஸ் அவருக்கு விட்டுக்கொடுத்தார்.